மேகம் வந்த நாற்பது நிமிடம்

குறும்பனையில் வலைக்கூடத்து மொட்டைமாடி.
கண்ணாடிக் குழாய்கள் அறுபத்து நாலு.
முருங்கைக் கீரையைக் கடைந்து ஊற்றினாற்போல்
உள்ளே பாசி.
வெயில் விழுந்த பக்கமெல்லாம் குமிழ்.

நடுவில் ஒரு கூண்டு.
எஸ்.டி.டி. பூத்தாக இருந்ததை
ஆயிரத்து இருநூறுக்கு வாங்கி
இடுக்கெல்லாம் படகுக்குப் பூசும் பிசின் வைத்து அடைத்தேன்.
உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி,
நாற்காலியில் பெர்க்மான்ஸ்,
சிப்பி எடுக்கக் கடலுக்கடியில் போகிறவன்.

"பாசி எனக்கு ஆகாது டீச்சர்.
போன வருசம் பாறையில வழுக்கி
முட்டுச் சில்லு பேந்துபோச்சு.
ஆனா மூச்சு விடுகதுக்குக் கூலி தாற
மொத ஆளு நீங்கதான்."
சிரித்துக்கொண்டே கதவை இழுத்துக்கொண்டான்.

பத்து மணி: இருபது புள்ளி ஆறு.
பதினொன்று: இருபது புள்ளி ஆறு.
அவன் விட்டது குழாய்க்குப் போனது,
குழாய் விட்டது அவனுக்கு வந்தது.
கொடுக்கல் வாங்கல் நேராக இருந்த ஒரு மணி நேரம்
கீழே ஏலக்காரர்கள் சாளைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு இனயம் பக்கமிருந்து வந்தது
மேகம்.
மழையாகவும் பெய்யாமல், விலகவும் செய்யாமல்
மேலே வந்து நின்றது.

குமிழ் குறைந்தது. நின்றது.
இருபது புள்ளி ஐந்து.
நான்கு.
பாடத்தில் நூறு முறை எழுதிப்போட்டதுதான்:
இருட்டில் பாசியும் மூச்சு வாங்கும்.
கரும்பலகையில் அது ஒரு வரி.
இங்கே,
நானூறு லிட்டர் பச்சை
ஒரு மனிதனோடு ஒரே காற்றுக்குக் கைநீட்டுகிறது.

பத்தொன்பதரையில் கதவைத் திறப்பதாக ஒப்பந்தம்.
இருபதில் என் கை கொண்டியில் இருந்தது.
பத்தொன்பது புள்ளி ஒன்பது.
எட்டு.
எட்டு.
எட்டு.
மூன்று நிமிடம் எண் அசையவில்லை.
மீட்டர் செத்துவிட்டதென்று தட்டினேன்.
அவன் கண்ணை மூடி
நெஞ்சு ஏறாமல் இறங்காமல் இருந்தான்.
அந்தோணியாரே என்று என் வாய் சொன்னது,
எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

அப்புறம் கடல் பக்கம் ஒரு கீற்று.
தெற்கு வரிசையில் முதல் குமிழ்.
அவன் நெஞ்சு மெல்ல ஏறியது.

கதவு திறந்ததும் கத்தினேன்.
அவன் பீடிக்குச் சட்டைப்பையைத் தடவினான்.
"வெளிச்சம் மங்கினப்பம்
அதுகளுக்கும் முட்டுகது மாதிரித் தெரிஞ்சுது டீச்சர்.
எனக்கு அடக்கிப் பழக்கம்தானே.
கொஞ்சம் விட்டுக் குடுத்தேன்."

அறிக்கையில் அந்த மூன்று நிமிடம்
நேர்கோடாக இருக்கிறது.
காரணம் என்ற கட்டத்தில்
முதலில் 'கருவிக் கோளாறு' என்று எழுதினேன்.
அடித்தேன்.
இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.