குக்கர் வருது

குறும்பனையில் கடல் கத்தாத நேரமில்லை.
ஆடியில் தடுப்புச் சுவர் ஏறிக் குதித்து
எங்கள் அங்கன்வாடி வாசல்வரை உப்பைத் துப்பும்.
அதற்கெல்லாம் டெனிஷ் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.
பதினொன்றரைக்கு அடுப்படியில் விசில் வந்தால் மட்டும்
உடம்பு முழுக்கக் காதாகிவிடும் அவனுக்கு.
சுவரில் தலையை முட்டி முட்டி
ஒரு சத்தம் போடுவான்.
நான் சொல்லிக்கொடுக்கும் எழுத்துகளில்
அந்தச் சத்தத்துக்கு எழுத்து இல்லை.

முதல் வாரம் அவனைப் பார்த்துப் பதினாறு பிள்ளைகளும் அழுதார்கள்.
இரண்டாம் வாரம் ஸ்டார்வினைக் கடித்தான்.
மணிக்கட்டுக்கு மேலே நாலு பல், பிறை மாதிரி.
ஸ்டார்வினின் அம்மை வந்து நின்றாள்
மீன் சருவத்தைத் தலையிலிருந்து இறக்காமலே.
"டீச்சரே, இவனுக்குள்ள பள்ளிக்கூடம் நாகர்கோவில்ல உண்டுல்லா?
அங்க கொண்டு விடச் சொல்லுங்க."
உண்டு. இரண்டு பஸ் மாற வேண்டும்.
டெனிஷின் அப்பா தங்கல் தொழிலில், கொச்சிக்கு அப்புறம் எங்கேயோ.
அம்மை முந்திரி ஆலையில், கறை ஏறிய விரல்களோடு.
நான் பதில் சொல்லவில்லை.
டெட்டால் தேடினேன்.

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்:
படம் காட்டுங்கள், முன்கூட்டியே அறிவியுங்கள்.
மூன்று நாள், மார்த்தாண்டத்தில், உளுந்தவடையோடு.
நான் ஒரு குக்கர் வரைந்தேன்.
யானை மாதிரி வந்தது.

ஜெஃப்ரினா எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை.
நாலு வயது, தீராத மூக்கொழுகல்.
ஒருநாள் அடுப்படி வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.
விசிலுக்கு முன்னால் ஆவி ஒரு புஸ் விடுமே,
அந்தப் புஸ்ஸுக்கு எழுந்து ஓடிவந்தாள்:
"குக்கர் வருது, குக்கர் வருது!"
கருங்கல் பஸ் வருவதுபோல.
டெனிஷ் அவளைப் பார்க்கவில்லை.
விசில் வந்து சேர்ந்தபோது
அவன் கைகள் காதில் இருந்தன.
சுவர் அன்று தப்பித்தது.

பிறகு எல்லாரும் பொத்தத் தொடங்கினார்கள்.
ஸ்டார்வின்கூட,
பொருக்கு உதிராத அதே கையால்.
இரக்கம் என்று இதை எழுதிவிடாதீர்கள்.
கள்ளன் போலீஸ் மாதிரி
அவர்களுக்கு இதுவும் ஒரு விளையாட்டு,
கடைசியாகப் பொத்துகிறவன் அவுட்.

கார்த்திகையில் சூப்பர்வைசர் வந்தார்.
பதிவேட்டைப் புரட்டி,
"ஒரு ஸ்பெஷல் பிள்ளை உண்டுன்னு போட்டிருக்கே, எது?" என்றார்.
நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து குரல்.
பதினேழு பிள்ளைகளும் காதைப் பொத்தினார்கள்.
சமையல் சூசம்மாள் கரண்டிக் கையின் முழங்கையால் ஒரு காதை.
நானும்தான். பழக்கம்.
விசில்.
வெறுங்காதோடு நின்ற ஒரே ஆள்
பேனாவைத் தவறவிட்டார்.

இதை வெற்றி என்று நினைத்து
அன்று பஸ்ஸில் சிரித்துக்கொண்டே போனேன்.
மறுநாள் டெனிஷ் சத்துமாவுத் தட்டை என் மடியில் கவிழ்த்தான்.

இன்னும் பெயர் சொல்ல மாட்டான்.
வலை மிதவைகளைச் சுவரோரம் வரிசை வைப்பான்:
வெள்ளை, வெள்ளை, மஞ்சள்.
ஜெஃப்ரினா நடுவில் ஒன்றை நுழைத்தால் அலறுவான்.
நேற்றும் அலறினான்.
இன்று வரிசையில் ஒரு மிதவை அகலத்துக்கு இடம் கிடக்கிறது.
விட்டானா, விட்டுப்போனதா, தெரியவில்லை.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

ஜெஃப்ரினாவுக்குக் காய்ச்சல், வரவில்லை.
மணி பதினொன்று இருபத்தைந்து.
அடுப்படி வாசலில் யாரும் இல்லை.
நான் எழுந்திருக்கலாமா என்று யோசிக்கும்போது
ஸ்டார்வின் டவுசரை இழுத்துவிட்டுக்கொண்டு
எழுந்து போகிறான்.