மிச்சக் காசு

மருதனார்மடச் சந்தியில் ஏறுவாள்,
மூன்று சிநேகிதிகளோடு, ரியூசனுக்கு.
மினிபஸ் மிதிபலகையில் நான்,
விரலிடுக்கில் மடித்த தாள்கள்.

அவள் யன்னலுக்கு வெளியே பார்ப்பாள்.
நான் "உள்ள போங்கோ" என்பேன்
எல்லாருக்கும் சொல்வதுபோல.
காசு நீட்டுவாள். வாங்குவேன்.
காலையில் அதைக் கொடுத்ததும் நான்தான்.

முதல் கிழமை நெஞ்சு கொதித்தது.
மனிசி கேட்டாள்:
"பதினேழு வயதில நீங்கள்
உங்கட அப்பரோட சந்தைக்குப் போனீங்களோ?"
போனேன்.
பத்தடி பின்னால்.
அவர் தலையில் வெங்காயச் சாக்கு.

நேற்று மழை, சரியான சனம்.
ஐந்நூறு ரூபாத் தாளை நீட்டினாள்.
என்னிடம் சில்லறை இல்லை.
தட்டாதெருவில் இறங்கிக்
குடையை விரித்தபடி, சத்தமாய்த்தான்:
"மிச்சத்தை வீட்டில தாங்கோ."
சிநேகிதிகள் மூவரும் திரும்பி
என்னைப் பார்த்தார்கள்.
எனக்கு "றைற்" சொல்ல மறந்துபோனது.

மரியதாஸ் அண்ணை,
ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி
கண்ணாடியில் நீங்கள் சிரித்ததைக் கண்டேன்.
உங்கட பெடியன் கதைத்து
இரண்டு மாதம் என்றீர்கள்.
கதவை இடியாதேங்கோ.
புட்டை மூடி வைத்துவிட்டுப் படுங்கோ.
விடிய, கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தால்
அதுவும் ஒரு கதைதான்.

இரவு மிச்சத்தை மேசையில் வைத்தேன்.
கம்சாயினி புத்தகத்தை மூடாமலே
ஒற்றைக் கையால் எண்ணினாள்:

"பத்து ரூபா குறையுதப்பா."