முப்பத்தேழாம் கணுவின் அலாரம்

ஜூன் மூன்றாம் வாரம் ஓடவிட்டேன்.
ஜனவரி ஒன்று முடிய நாலே நொடி.
பொங்கல் தாண்டியபோது
டீ இன்னும் ஆறவில்லை.

கட்டபெட்டில் வாடகை அறை.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தேயிலைச் சரிவு,
இந்தப் பக்கம் மடிக்கணினிக்குள்
அதே சரிவு, இருநூற்றுப் பன்னிரண்டு கணுக்களோடு.
ஒவ்வொன்றும் மண்ணின் ஈரத்தைத் தொட்டுப் பார்க்கும்,
பக்கத்துக் கணுவின் காதில் போடும்,
அது அடுத்ததற்கு,
அரவேணு தண்ணீர்த் தொட்டிமேல் நிற்கும்
ஆண்டெனா வரைக்கும்.
நிஜத்தில் நட்டது பன்னிரண்டுதான்.
மீதிக்குக் காசு கேட்கும் அறிக்கைக்காக
இந்த ஓட்டம்.
ஐப்பசி மழைக்குள் முடிக்க வேண்டும்.

மார்ச்சில் ஒரு நாளுக்கு இரண்டு நிமிடம்.
மே மாதம், உள்ளே இருக்கும் மே,
நாளுக்கு ஒரு மணி நேரம்.
நினைவகம் போதவில்லை என்று நினைத்து
குன்னூர் போய் ஆறாயிரத்துக்குச் சில்லு வாங்கிப் போட்டேன்.
இரண்டு நாள் தாங்கியது.
விசிறி மட்டும் இரைந்துகொண்டே இருந்தது,
மேடேறும் மினி பஸ் போல.

ஜூலை ஒன்பது, ராத்திரி.
திரையிலும் ஜூலை ஒன்பது.
நாளையைச் சொல்லப் போனது
இன்றைக்கே வந்து நின்றுவிட்டது.
நான் எழுதிய மழையை
தகரத்தில் விழும் மழை
முந்திக்கொண்டு போனது.

அப்புறம்தான் வரிசையைப் பிரித்துப் பார்த்தேன்.
அடுத்து யார், எப்போது
என்று நிகழ்வுகள் காத்திருக்கும் வரிசை.
நாற்பத்தொரு லட்சம் நின்றிருந்தன,
முக்கால்வாசி செத்த கணுக்களின் பேரில்.
முப்பத்தேழுக்கு
பிப்ரவரி பதினெட்டில் மின்கலம் தீர்ந்திருக்கிறது.
அதன் அலாரத்தை நான் அணைக்கவில்லை.
எழுப்பு, எழவில்லை, மறுபடி குறித்து வை.
சுற்றியிருந்த ஆறு கணுக்களும்
இருக்கிறாயா என்று கேட்டு,
பதில் வராமல்
இரண்டு தடவை கேட்டு,
நாலு தடவை கேட்டு.
பேர் நீக்காத ரேஷன் அட்டை மாதிரி
செத்தவர்கள் எல்லாருக்கும்
மாதாமாதம் அரிசி அளந்துகொண்டிருந்தது என் கணினி.

போன மாதம் ஒன்பதாம் பெட்டியைக்
கரடி புரட்டிப் போட்டது, நிஜப் பெட்டியை.
பெள்ளி போய்க் கம்பியைச் சுருட்டி எடுத்து வந்தான்.
நோட்டில் ஒன்பதின் மேல் ஒரு கோடு கிழித்தான்.
அவ்வளவுதான்,
அந்தக் கோடுதான் என் நிரலில் இல்லை.

எழுதினேன். ஒரே வரி.
இறந்தால், அதன் பேரிலுள்ள எல்லாவற்றையும் எடுத்துவிடு.
எழுதிவிட்டு ஏனோ கொஞ்ச நேரம்
பொத்தானை அழுத்தவில்லை.

வருஷம் முழுக்கப் பத்தொன்பது நிமிடத்தில் ஓடியது.
ஈரச் சாக்கைத் தலையில் போட்டபடி
வாசலில் நின்ற பெள்ளி கேட்டான்:
"இவ்வளவு வேகமாப் போகுதே,
மழை எப்ப விடும்னு சொல்லுமா?"
சொல்லாது. மழை நான் கொடுத்தது,
போன வருஷத்துக் கணக்கிலிருந்து.

அக்டோபர் இருபத்தொன்பது,
விடிகாலை மூன்று பத்துக்கு
அறுபத்தொன்றிலிருந்து அறுபத்தெட்டு வரை
எட்டுக் கணுக்கள் ஒன்றாகப் பேச்சை நிறுத்துகின்றன.
மின்கலமாக இருக்கலாம்,
எட்டுக்கும் ஒரே நாளில்தான் புதிது போட்டதாக எழுதியிருந்தேன்.
மேடு இறங்கினாலும்
ஆண்டெனாவுக்கு வருவது இதே மௌனம்தான்.

என் புதிய வரி
அந்த எட்டையும் உடனே துடைத்துவிட்டு
மூன்று பதினொன்றுக்குப் போய்விட்டது,
தடங்கல் இல்லாமல்.

அவற்றுக்குக் கீழே நிஜத்தில் ஒரு லைன் வீடு இருக்கிறது.
பெள்ளியின் தங்கை இருப்பது
அதில் நாலாவது கதவு.