உருப்படிக் கணக்கு

நான் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை.
ஆட்டம் முடிந்த இரவு பதினொன்றரைக்கு
ஆஸ்டின் டவுன் தேர்டு கிராஸில்
டெம்போ வந்து நிற்கும்.
நாலு மூட்டை.
பிரித்துக் கொட்டினால் தெரிந்துவிடும்
ஜெயித்தார்களா இல்லையா என்று.

தோற்ற சட்டை உள்வெளியாகச் சுருண்டு வரும்,
கழற்றியவன் அதன் முகத்தைப் பார்க்காமல்
எறிந்திருப்பான்.
ஜெயித்த சட்டையில் பிறர் கைகளின் அழுக்கு
முதுகில், தோளில்,
ஒருமுறை பிடரியில் யாரோ கடித்த தடம்.

செப்டம்பர் மழையில் தொடங்கியது சீசன்.
கோல்கீப்பர் சட்டையில்
இடது முழங்கை மட்டும் எப்போதும் பச்சை.
வலப்பக்கம் விழப் பயம் அவனுக்கு.
கோச் அதைக் கண்டுபிடிக்க டிசம்பர் ஆயிற்றாம்.
எனக்கு மூன்றாவது சலவையிலேயே தெரியும்.
யார் கேட்டார்கள்.

குவஹாத்தி போய் வந்தவை
இரண்டு நாள் பைக்குள்ளேயே வெந்து
மீன்கூடைபோல நாறின.
நவம்பரில் ஐந்தாம் எண் ரத்தத்தோடு வந்தான்.
ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணீர்தான்.
சுடுதண்ணீர் பட்டால்
அது நூலுக்குள் குடியேறிவிடும்.

இருபத்தாறில் மட்டும்
ஒரு புல்கூட ஒட்டியிருக்காது.
முதுகில் ஸுவாலா என்று எழுத்து.
மிசோரம் பையன் என்றான் டெம்போ முனிராஜு,
எந்நேரமும் பெஞ்சில்தான் இருப்பானாம்.

ஜனவரி பில்லில்
மேனேஜர் ஹரீஷின் பேனா அங்கே வந்து நின்றது.
யாக்கம்மா, ஆடாதவன் சட்டைக்கும்
பதினெட்டு ரூபாயா?
கழுத்துப்பட்டையைத் திருப்பி
அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.
ஓடிய வேர்வை வெறும் உப்பு,
காற்றில் காய்ந்தாலே பாதி போய்விடும்.
இது உட்கார்ந்த வேர்வை.
எழுந்திரு எழுந்திரு என்று கால் சொல்லச் சொல்ல
தொண்ணூறு நிமிடம் எழாமல் இருந்தது.
இதற்கு இரண்டு தரம் சோப்பு போடவேண்டும் சார்.

பில் பாஸாயிற்று.
பணம்தான் மூன்று மாதம் வரவில்லை.

மார்ச்சில் போர்வெல் காற்றைத் துப்பியது.
டேங்கர்காரன் விலை சொல்லிவிட்டு
வேறு பக்கம் பார்த்தான்.
ஸ்டேடியத்தில் புல்லுக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.
நான் நேற்று அலசிய தண்ணீரிலேயே
இன்றைய மூட்டையை ஊறப்போட்டேன்.
அந்த மாதம் அணியே கொஞ்சம் மங்கலாகத்தான் இறங்கியது.
கொல்கத்தாக்காரர்கள் ஐந்து கோல் போட்டு
வெளுத்துவிட்டார்கள் என்றான் முனிராஜு.
என் தொழில், அவன் வாயில்.

கடைசி ஆட்டம் இங்கே.
சாயங்காலம் ஒரு மாங்காய் மழை.
மெஷினில் நர்சிங்ஹோம் போர்வைகள் சுற்ற
அதன் இரைச்சலுக்கு மேலே
அசோக் நகர் பக்கமிருந்து ஒரு கூச்சல் கிளம்பி
பாதியில் அமர்ந்தது.
போர்வைகள் சுற்றிக்கொண்டே இருந்தன.

இரவு எண்ணினேன்.
இருபத்தைந்து வரை சரி.
இருபத்தாறு இல்லை.
அதன் இடத்தில் வேறொரு நிறம்,
மஞ்சள், எட்டு,
வாயில் நுழையாத ஒரு பெயர்,
நெஞ்சு முழுக்கச் சேறு.

முனிராஜுவுக்கு போன் போட்டேன்.
முடிந்ததும் மாற்றிக்கொள்வார்களக்கா,
மோதிக்கொண்டவர்கள்.
எத்தனை நிமிடம் ஆடினான்?
தெரியவில்லை, வண்டியிலேயே தூங்கிவிட்டேன்.

நாளையோ மறுநாளோ எங்கோ ஓர் ஊரில்
ஒருத்தி மூட்டை பிரிப்பாள்.
முழங்கையா, முதுகா,
எந்த இடத்தில் மண் என்று
அவள் பார்ப்பாள்.
ஏழு மாதம் துவைத்தவள் நான்.

மஞ்சளைத் தனி வாளியில் போட்டேன்,
சாயம் இறங்கும் ரகம்.
பில்லில் எழுதினேன்:
வேற்றூர்ச் சட்டை, ஒன்று.
பதினெட்டு ரூபாய்.