பல வைத்தியர்

டாம் வீதி, ஹாட்வெயார் கடை.
ரம்ஸீன் ஹாஜியாருக்கு நீலம் வேணுமாம்.
பத்து நீலம் காட்டினேன்.
"இது பொலிஸ், மகள். இது சப்பாத்துப் பெட்டி.
எனக்குக் கடல்."

காலிமுகத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி
மழை விட்ட கடலைப் போனில் பிடித்து
புள்ளி புள்ளியாக நிறம் உறிஞ்சிப் பார்த்தேன்.
சாம்பல். மண். ஓரிடத்தில் பாசி.
ஒரு புள்ளியிலும் நீலமில்லை.
சாம்பலையே அனுப்பினேன்,
கடல்நீலம் என்று பேர் வைத்து.
"இதுதான், இதைத்தான் சொன்னேன்" என்றார்.
அன்றே முற்பணம் வந்தது.

பொரளை மலர்ச்சாலையின் இணையத்தளத்தில்
'எம்மை அழையுங்கள்' பொத்தானை
எந்த மூலையில் வைத்தாலும்
யாரையோ அவசரப்படுத்துவது போலிருக்கிறது.
வார்ப்புருவோடு ஒட்டிவந்த 'மீண்டும் வருக'வை
நல்லகாலம்,
இரவு இரண்டு மணிக்குக் கண்டேன்.

பம்பலப்பிட்டிச் சேலைக் கடைக்கு
மயிலும் வேண்டும், யானையும் வேண்டும்,
அம்மாவின் முதலெழுத்தும் வேண்டும்,
ஆனால் லோகோ சிம்பிளாக.

இதெல்லாம் பழகிவிட்டது.
பழகாதது நுகேகொடை.

டொக்டர் ஹேவாவிதான, பல் வைத்தியர்.
பலகையில் மூன்று மொழி.
மேலே சிங்களம், நடுவில் ஆங்கிலம்,
மிச்சமிருந்த இடத்தில் நாங்கள்.
"தமிழ் கொஞ்சம் நீளம் மிஸ், சுருக்க ஏலாதா?"
சுருக்கினேன். சுருக்குவது என் தொழில்.

பலகை ஏறிய அன்று படம் அனுப்பினார்கள்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
பல வைத்தியர்.

ஒரே டொக்டர். ஒரே நாற்காலி.
காத்திருக்க நாலு பிளாஸ்டிக் கதிரை.
பல வைத்தியர்.

பலகை வெட்டுகிறவருக்குப் போன் எடுத்தேன்.
பைலில் ஏதோ தூசி கிடந்ததாம்,
எனக்காக மெனக்கெட்டுத் துடைத்தாராம்.
அந்த அக்கறைக்கு என்ன சொல்ல?
நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை 138இல் போனேன்,
பையில் கறுப்பு ஸ்டிக்கர் தாள்:
பன்னிரண்டு வட்டம், பதினாலு மில்லிமீற்றர்.
பில்லில் இதற்கு ஒரு வரி போட யோசித்தேன்.
புள்ளி, ஒன்று.
எவ்வளவு என்று எழுத வரவில்லை.

காவலாளி ஏணியைப் பிடித்துக்கொண்டு
"மே மொகத மிஸ்?" என்றார்.
என் சிங்களம் மெய்யெழுத்து வரைக்கும் போகாது.
வாயைத் திறந்து பல்லைத் தொட்டுக் காட்டினேன்,
பிறகு ல்-ஐ.
புரிந்ததோ என்னவோ, சிரித்தார்.
மேல்வரிசையில் ஒன்று இல்லை.

ஒட்டி, நகத்தால் அழுத்தி, நிமிர்ந்தேன்.
அந்த உயரத்தில் இருந்து பார்த்தால்
ஹை லெவல் வீதி நெடுகப் பலகைகள்:
மருந்தகம், வங்கி, பொலிஸ், பஸ் தரிப்பிடம்.
"இறங்கலையா" என்பதுபோல் ஏணியை லேசாக ஆட்டினார்.
தாளில் இன்னும் பதினொரு வட்டம் இருந்தது.