எச்சம்

ஏப்ரல். காய்னூவில் பனி ஓடுபோல் இறுகியிருக்கிறது.
பதினொன்றுக்குள் நடந்து முடித்துவிட வேண்டும்.
வெயில் ஏறிவிட்டால் ஒவ்வோர் அடியும்
இடுப்புவரை உள்ளே இழுக்கும்.

மரத்தடிகளில் மட்டும் பனி உருகிக் கிண்ணமாய்க் குழிந்திருக்கிறது.
ஹில்க்கா கெம்ப்பாய்னென் ஒவ்வொரு கிண்ணத்தருகிலும்
மண்டியிட்டு எழுகிறாள்.
புழுக்கை தேடுகிறாள்.

பறக்கும் அணிலை ஒன்பது வருடத்தில்
இரண்டே முறை பார்த்திருக்கிறாள்.
ஒருமுறை நிழல்.
மறுமுறை நிழலைவிடக் கொஞ்சம் கூடுதல்.
அணிலைப் பார்ப்பதற்கு அவளுக்குச் சம்பளமில்லை,
அது இருந்துபோனதற்கு அத்தாட்சி கொண்டுவரத்தான்:
அரிசிமணி அளவு, மஞ்சள் நிறம்.
ஆஸ்பன் மரத்தடியில் பத்து மணி கிடந்தால்
சட்டம் எழுந்து வந்து ஒரு வட்டம் போடும்.
வட்டத்துக்குள் ரம்பம் வராது.

இது அரசாங்கக் காடு. அதாவது
ஊர்ச்சொத்து. அதாவது
உன்னுடையதும்.
வேலி கிடையாது. ஹெல்சிங்கியில் டிராம் ஓட்டுகிறவனும்
போன வருடம் வந்து குடியேறிய சோமாலியப் பெண்ணும்
ஆகஸ்டில் வாளியோடு நுழைந்து நீலப்பெர்ரி பறிக்கலாம்,
சீட்டு கேட்க ஆளில்லை.
எல்லோருடையது என்பதால்தான்
வெட்டும்போது
யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை.

பதினேழு ஹெக்டேர். ஆரஞ்சு நாடா சுற்றியாயிற்று.
திங்கட்கிழமைக்காக ஆஹ்தியின் இயந்திரம்
சாலை முனையில் காத்திருக்கிறது.
ஆஹ்தி கெட்டவனில்லை.
அந்த இயந்திரத்துக்கு இன்னும் ஆறு வருடக் கடன்.
காலையில் ஃபிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றிக் கொடுத்து
"பீ கிடைத்தால் சொல்லு, வேறு வேலை பார்க்கிறேன்" என்றான்.
பாதிதான் விளையாட்டு.

நூற்று நாற்பது மரம் பார்த்தாயிற்று.
மரங்கொத்தி குடைந்த பொந்துகள் இருக்கின்றன.
கிளையெல்லாம் தாடிப்பாசி.
என்றோ விழுந்த ஊசியிலை மரத்தின் முதுகில்
முழ உயரத்தில் ஏழு கன்றுகள்
தாயைத் தின்று வளர்கின்றன.
கரடி முதுகு தேய்த்த இடத்தில்
பிசினில் ஒட்டிய மயிர்.
படிவம் கேட்கிற ஒன்றுதான் இல்லை.

சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி.
உள்ளே முப்பது மணி,
ஏரிக்கு அக்கரையில் நேற்று எடுத்த மாதிரி.
திறக்க ஒரு விரல் போதும்.
கவிழ்க்க ஒரு மூச்சு.
மரங்கொத்தி பார்த்திருக்கும்தான்.
அது கோர்ட்டுக்கு வராது.

வெகுநேரம் நின்றாள்.
கால் விறைத்தது.
ஒன்பது வருடத்தில் அவள் போட்ட வட்டங்கள் அறுபத்தொன்று.
இங்கே ஒரு பொய்மணி விழுந்தால்
அங்கே ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்ப்பார்கள்,
நேர்மையாய்க் கழித்த அணில்களும் சந்தேகத்துக்கு ஆளாகும்.
சிரிப்பு வந்தது. அடங்கவில்லை. கண்ணில் முடிந்தது.

'இல்லை' என்று எழுதினாள்,
பென்சில் முனை உடையும்படி.
பிறகு கத்தியால் சீவிக்கொண்டு,
எழுதக்கூடாத ஓரத்தில்,
மடங்க மறுக்கும் விரல்களால்:
'பொந்து நான்கு. கரடி ஒன்று.
பனிக்கு அடியில் தண்ணீர் ஓடுகிறது, காதால் கேட்டேன்.
இவற்றுக்குக் கட்டம் இல்லை.
ஒரு காடு காடாக இருக்க
அணில் வந்து கையெழுத்துப் போடவேண்டுமா?'

அலுவலகத்தில் ஓரங்களைப் படிப்பவர் உண்டா,
தெரியாது.
ஆஹ்தி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்கவில்லை.
காப்பியை மட்டும் மறுபடி நீட்டினான்.

தமிழில், உயிர் கழித்துப்போனது எச்சம்.
அழித்தபின் மிஞ்சுவதும் எச்சம்.
முடிவு பெறாமல் நிற்கிற வினைக்கும்
அதே பெயர்.
ஹில்க்காவுக்கு இது தெரிய வழியில்லை.
அவள் காரை நோக்கிப் போகிறாள்,
பையில் தீப்பெட்டி அடிக்கு அடி கிலுகிலுக்க.
முதுகுப் பக்கம் பதினேழு ஹெக்டேர்
ஞாயிறு முழுக்க ஒளி குடித்து,
நீர் சொட்டி,
நின்று