டெபாசிட்

மாட்டுங்கா நூலகத்து நாவல்.
நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில்
அவள் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள்.
ஒரு பெட்டி. மழை. திரும்பியே பார்க்கவில்லை.
இனி நான் நான்தான் என்று
ஒரு பத்தி முழுக்க.

ஓரத்தில் பென்சிலில் யாரோ ஒருத்தி:
டெபாசிட்டுக்கு என்ன செய்தாள்?

குர்லா தாண்டும்வரை சிரித்தேன்.
லேடீஸ் டப்பாவில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள்
கையை நிறுத்திப் பார்த்தாள்.

அப்புறம் சிரிப்பு வரவில்லை.
நானும் போட்டுப் பார்த்த கணக்கு அது:
ஆறு மாத வாடகை, புரோக்கர் கூலி,
மிஸ்டர் எங்கே வேலை என்ற கேள்வி.

முலுண்டில் இறங்குமுன்
கண்மைப் பென்சிலால் அதன் கீழே எழுதினேன்:
கழுத்தில் பதினொரு கிராம் இருந்திருக்குமே.

தவணை முடிந்துவிட்டது.
புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை,
நாளுக்கு ஒரு ரூபாய் அபராதம்.

நகைக்கடை
ஞாயிறும் திறந்திருக்குமாம்.